பழம் தின்ற மீன்: ரிப்கா எஞ்சின் நான்கு உலகப் பட்டங்களை இழந்த வழக்கு

2004 ஜனவரியில் இணையவழி நடந்த ஒரு கணினிச் செஸ் போட்டியில் 54 எஞ்சின்கள், அதாவது செஸ் ஆடும் நிரல்கள், ஆடின. ரிப்கா என்ற புதுமுகத்துக்கு 53ஆவது இடம். அதற்கும் கீழே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 2005 டிசம்பரில் ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் நடந்த போட்டியில் அதே ரிப்கா முதலிடம். ஷ்ரெடர், ஸாப்பா, ஃப்ரூட் என்று அன்றைக்குப் பெயர்போன எஞ்சின்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. நடுவில் இரண்டு வருடம்கூட ஓடவில்லை.

அந்த இரண்டு வருடத்துக்குள் என்ன நடந்தது என்ற கேள்விதான் பிறகு வழக்காக வெடித்தது. கணினிச் செஸ் வரலாற்றில் டீப் ப்ளூ - காஸ்பரோவ் ஆட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. எனக்கு அதைவிட இந்த ரிப்கா விவகாரத்தில்தான் யோசிக்க விஷயம் அதிகம். மனிதனை இயந்திரம் ஜெயித்ததில் மர்மம் ஒன்றும் இல்லை, என்றைக்காவது நடக்க வேண்டியதுதான். ஒரு எஞ்சின் யாருடையது என்று கேட்டபோது உலகத்தின் தலைசிறந்த நிரலாளர்களே ஆளுக்கொரு பக்கம் பிரிந்து நின்றார்களே, அது வேறு சங்கதி.

சின்ன மீன்

ரிப்காவை எழுதியவர் வாசிக் ராய்லிச். அமெரிக்காவில் பிறந்த செக் வம்சாவளிக்காரர், எம்ஐடியில் படித்தவர், செஸ்ஸில் சர்வதேச மாஸ்டர். எஞ்சின் எழுதுகிறவர்களில் நன்றாகச் செஸ் ஆடத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் இதுவே ஒரு தகுதி. மனைவி இவெட்டாவும் போலந்தைச் சேர்ந்த சர்வதேச மாஸ்டர். எஞ்சினைச் சோதிப்பதில் அவருக்கும் பங்குண்டு. ரிப்கா என்றால் செக் மொழியில் சின்ன மீன்.

2005 டிசம்பரில் ரிப்கா 1.0 பீட்டாவை இலவசமாக இணையத்தில் விட்டார். சில நாட்களிலேயே தரப்பட்டியல் வைத்திருக்கும் ஆர்வலர்கள் எல்லோரும் அதை முதலிடத்தில் போட்டார்கள். அடுத்த நாலைந்து வருடம் அந்த இடத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. 2006இல் தூரின் உலகக் கணினிச் செஸ் போட்டியில் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டது. பிறகு 2007 ஆம்ஸ்டர்டாம், 2008 பெய்ஜிங், 2009 பாம்ப்லோனா, 2010 கனசாவா என்று நான்கு உலகப் பட்டங்கள் வரிசையாக.

மனிதர்களிடமும் விளையாட்டுக் காட்டியது. 2007இல் கிராண்ட்மாஸ்டர் யான் எல்வெஸ்டுடன் எட்டு ஆட்டம்; ஒவ்வொரு ஆட்டத்திலும் ரிப்கா தன் சிப்பாய்களில் ஒன்றை முன்கூட்டியே எடுத்துவைத்துவிட்டு ஆடியது. அப்படியும் 5.5 - 2.5 என்று ஜெயித்தது. அது தோற்காத எஞ்சினும் அல்ல. அதே ஆண்டு மெக்சிகோ நகரில் ஸாப்பாவுடன் நடந்த பத்து ஆட்டப் பந்தயத்தில் 4.5 - 5.5 என்று விட்டது. ஆனால் அதெல்லாம் விதிவிலக்கு.

நம் ஆனந்தின் கதையிலும் இந்த மீனுக்கு ஓர் இடம் உண்டு. 2010இல் சோபியாவில் தொபலோவுடன் நடந்த உலகப் பட்டப் போட்டியின்போது, எதிரணியிடம் அப்போது சந்தைக்கு வராத ரிப்கா 4, 112 கோர் (புராசசர் கரு) கொண்ட கிளஸ்டரில், அதாவது இணைத்த கணினிக் கூட்டத்தில், ஓடிக்கொண்டிருந்தது என்று ஆனந்த் பின்னர் சொன்னார். கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஜெயித்து ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்தது நமக்குத் தெரிந்ததே. ஓர் உலகப் பட்டத்துக்கே தயாரிப்புக் கருவியாக இருக்கும் அளவுக்கு ரிப்கா அன்றைக்கு ராஜாவாக இருந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

பழம்

இதற்குச் சமகாலத்தில் பிரான்சில் ஃபாபியான் லெதுஸே என்ற நிரலாளர் ஃப்ரூட் என்ற எஞ்சினை எழுதினார். பெயரிலேயே பழம். ஜிபிஎல் உரிமத்தின் கீழ் மூலநிரலோடு வெளியிட்டார். அதாவது யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம். மாற்றியதை வெளியே கொடுத்தால் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். திறந்த பதிப்புகளில் கடைசி 2.1, அது வந்தது 2005 ஜூனில். அடுத்த பதிப்பான 2.2ஐ மூடி வைத்து விற்றார். அது அந்த ஆண்டு ரெய்க்யாவிக் உலகப் போட்டியில் ஸாப்பாவுக்கு அடுத்து இரண்டாமிடம் பெற்றது.

ஃப்ரூட்டின் பெருமை பலம் மட்டும் அல்ல. அதன் நிரல் அவ்வளவு துப்புரவு. அதுவரை உச்சத்தில் இருந்த எஞ்சின்கள் எல்லாம் ரகசியம், திறந்து கிடந்தவை பெரும்பாலும் பலவீனம். உலகின் முன்வரிசை எஞ்சின் ஒன்றைப் பாடப்புத்தகம்போல் விரித்துப் படிக்கும் வாய்ப்பு அப்போதுதான் வந்தது. எல்லோரும் படித்தார்கள். 2005 டிசம்பரில் ஒரு பேட்டியில் ராய்லிச்சே இதை ஒளிக்காமல் சொன்னார்: ஃப்ரூட்டின் வெளியீடு பெரிய விஷயம், அதன் நிரலை முன்னும் பின்னுமாகப் படித்தேன், நிறைய எடுத்துக்கொண்டேன் என்று.

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். ஆறு வருடம் கழித்து குற்றம் சாட்டிய தரப்பும் அதையே காட்டியது, எதிர்த் தரப்பும் அதையே காட்டியது.

ஜூனில் ஃப்ரூட் 2.1, டிசம்பரில் ரிப்கா 1.0. இந்த ஆறு மாத இடைவெளியே ஒரு குற்றச்சாட்டுபோல நிற்கிறது. ஆனால் காலவரிசை மட்டும் சான்றாகாது. ரிப்காவுக்கென்று சொந்தச் சரக்கு இருந்தது என்பதில் எதிரிகளுக்கும் சந்தேகம் இல்லை. ஃப்ரூட் பலகையைக் கட்டங்களின் வரிசையாக வைத்திருந்தது. ரிப்காவோ பிட்போர்டு முறை: ஒவ்வொரு வகைக் காய்க்கும் ஒரு 64 பிட் எண், கட்டத்துக்கு ஒரு பிட். 64 பிட் புராசசர்கள் வீட்டுக் கணினிக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது; சரியான காற்றில் பாய் விரித்தார். காய்களின் சேர்க்கைக்கு மதிப்புப் போடும் அட்டவணை, ஆயிரக்கணக்கான அதிவேக ஆட்டங்களை ஓடவிட்டு ஒவ்வொரு மாற்றத்தையும் சோதிக்கும் ஒழுங்கு இதெல்லாம் அவருடைய பலம். 2008இல் வந்த ரிப்கா 3இன் மதிப்பீட்டுப் பகுதியை லாரி காஃப்மன் செதுக்கினார். அதில் யாருக்கும் மறுப்பில்லை.

அம்பு எய்தவன்

வழக்கின் திருப்பம் ஒரு ரஷ்யப் பெயரிலிருந்து வந்தது. 2007இல் யூரி ஓசிபோவ் என்ற பெயரில் ஒருவர் ஸ்ட்ரெல்கா (ரஷ்ய மொழியில் அம்பு) என்ற எஞ்சினை வெளியிட்டார். ஆட்டமும் எண்களும் ரிப்கா 1.0 போலவே இருந்தன. 2008 தொடக்கத்தில் ஸ்ட்ரெல்கா 2.0இன் மூலநிரலும் வெளிவந்தது. ராய்லிச் அதைப் பார்த்துவிட்டு, இது என் ரிப்கா 1.0 பீட்டாவை ரிவர்ஸ் எஞ்சினியரிங் செய்து, அதாவது இயங்கும் நிரலைப் பிரித்துப் பார்த்து, எழுதியது, இந்த நிரல் என்னுடையது என்று அறிவித்தார்.

அறிவித்தபோது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் மூடிய பெட்டியாக இருந்த ரிப்கா 1.0க்கு அதன் ஆசிரியரே சான்றளித்த ஒரு திறந்த நகல் இப்போது கைக்குக் கிடைத்துவிட்டது. அதைப் பிரித்துப் படித்தவர்கள் கண்டது: எங்கு பார்த்தாலும் ஃப்ரூட்டின் சாயல். வேறு ஒருவரைத் திருடன் என்று காட்ட நீட்டிய விரல் திரும்பி வந்து தன் பக்கமே நின்றது.

ஸ்ட்ரெல்கா இன்னொன்றையும் அம்பலமாக்கியது. ரிப்கா ஆடும்போது திரையில் காட்டும் எண்கள் உண்மையானவை அல்ல. எத்தனை நிலைகளை அலசினேன் என்ற கணக்கையும், எத்தனை நகர்வு ஆழம் போனேன் என்ற கணக்கையும் குறைத்தே காட்டிக்கொண்டிருந்தது. ஏதோ கொஞ்சம் நிலைகளைப் பார்த்தே இவ்வளவு நன்றாக ஆடுகிறது, இதற்குள் பெரிய செஸ் ஞானம் இருக்கிறது என்று பலர் வியந்ததற்கு இந்த வேஷமும் ஒரு காரணம். போட்டி விதிப்படி இது குற்றம் இல்லை, வியாபாரத் தந்திரம் என்று விட்டுவிடலாம். ஆனால் ஒருவர் நேர்மை சந்தேகத்துக்கு உள்ளாகும்போது இதுபோன்ற சில்லறை விஷயங்களும் தராசில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

2009இல் இப்போலிட் என்ற எஞ்சின் முகமூடிப் பெயர்களில் திறந்த நிரலாக வந்தது. அது ரிப்கா 3இன் நகல் என்றார் ராய்லிச். குளோன் என்பது இந்த வட்டாரத்தில் ரொம்பக் கெட்ட வார்த்தை. ஆளுக்கு ஆள் அதை வீசிக்கொண்டிருந்த காலம் அது.

2011 ஜனவரியில், சில காலம் ஒதுங்கியிருந்த லெதுஸே திரும்பி வந்து பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். ஸ்ட்ரெல்காவின் நிரலைப் பார்த்தேன், அது எழுத்துக்கு எழுத்து நகல் இல்லை, புதிதாகத் தட்டச்சு செய்யப்பட்டதுதான், ஆனால் ஃப்ரூட் எங்கும் தெரிகிறது என்பதே அவர் சொன்னதன் சாரம். இதைத் தொடர்ந்து வேறு பல எஞ்சின் ஆசிரியர்களும் உலகக் கணினிச் செஸ் போட்டிகளை நடத்திய ஐசிஜிஏ அமைப்பிடம் புகார் கொடுத்தார்கள்.

விசாரணை

ஐசிஜிஏவின் அப்போதைய தலைவர் டேவிட் லெவி. எந்தக் கணினியும் பத்து வருடத்துக்குள் என்னை ஜெயிக்காது என்று 1968இல் பந்தயம் கட்டி 1978இல் ஜெயித்த அதே ஸ்காட்லாந்து செஸ் மாஸ்டர். அவர் 34 பேர் கொண்ட குழுவை அமைத்தார். குழுவின் செயலகத்தில் மூவர்: ராபர்ட் ஹயாட், மார்க் லெஃப்லர், ஹார்வி வில்லியம்சன். ஹயாட் சாதாரண ஆள் இல்லை. அவருடைய க்ரே ப்ளிட்ஸ் 1983லும் 1986லும் உலகப் பட்டம் வென்றது. அதன் பின் அவர் எழுதிய க்ராஃப்டி ஒரு தலைமுறைக்கே பள்ளிக்கூடம்.

சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. ரிப்காவின் 2004 காலப் பதிப்புகளில் க்ராஃப்டியின் நிரல் இருக்கிறது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அப்படியானால் பொருளைப் பறிகொடுத்தவரே விசாரணை மேசையிலும் உட்கார்ந்திருக்கிறார். குழுவில் பலரும் போட்டி எஞ்சின்களை எழுதியவர்கள், ரிப்காவிடம் தோற்றவர்கள். இந்தத் துறை தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான், அவர்களை விட்டால் இதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் கிடையாது என்ற பதிலும் நியாயமானதே. ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லோரும் சொந்தக்காரர்கள் என்பதற்காகப் பஞ்சாயத்தே கூடாது என்று சொல்ல முடியுமா? ஆனால் பங்காளித் தகராறு உள்ளவரை மட்டுமாவது திண்ணையை விட்டு இறங்கச் சொல்லியிருக்கலாம்.

ரிப்காவின் மூலநிரல் குழுவிடம் இல்லை. கையில் இருந்தது கணினி மட்டுமே படிக்கும் இயங்குநிரல். அதைப் பிரித்து, அசெம்பிளி எனப்படும் கணினிக் கட்டளை வரிகளிலிருந்து மூல நிரல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து எழுத வேண்டும். இந்த வேலையை முக்கியமாகச் செய்தவர்கள் ஸாக் வெக்னர் என்ற இளம் நிரலாளரும், சிட்னியில் இருந்த கணித ஆய்வாளர் மார்க் வாட்கின்ஸும்.

அவர்கள் வைத்த சான்றுகளில் இரண்டை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

முதலாவது, கட்ட மதிப்பு அட்டவணை. ஒவ்வொரு காயும் எந்தக் கட்டத்தில் நின்றால் எவ்வளவு மதிப்பு என்று எஞ்சின் ஓர் அட்டவணை வைத்திருக்கும். குதிரை நடுவில் நின்றால் நல்லது, ஓரத்தில் நின்றால் கெட்டது என்பது செஸ் கற்கும் குழந்தைக்கும் தெரியும். அதை யாரும் யாரிடமும் திருட வேண்டியதில்லை. ஆனால் ஃப்ரூட் அந்த அட்டவணையை ஒரு குட்டி வரிசையிலிருந்து உருவாக்கியது. குதிரைக்கு அந்த வரிசை: -4, -2, 0, 1, 1, 0, -2, -4. இடமிருந்து வலம் இந்த எட்டு எண். கீழிருந்து மேல் இன்னொரு தடவை அதே எட்டு. கூட்டி, ஒரு எடையால் பெருக்கினால் 64 கட்டத்துக்கும் மதிப்பு வந்துவிடும். ரிப்காவின் அட்டவணையில் எண்கள் வேறு. ஆனால் ஃப்ரூட்டின் இந்த இயந்திரத்தில் எடைகளை மட்டும் மாற்றிச் சுழற்றினால் ரிப்காவின் அட்டவணைகள் அச்சாக வந்து விழுகின்றன என்று குழு காட்டியது. இரண்டு வீட்டில் ஒரே மாதிரி முறுக்கு இருந்தால் அது சான்றில்லை. மாவு வேறு, காரம் வேறு, ஆனால் அச்சின் நட்சத்திரத்தில் ஒரே முனை மழுங்கியிருந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

இரண்டாவது இன்னும் சின்னது. ஒரு புள்ளியும் ஒரு பூஜ்ஜியமும். ஃப்ரூட் நேரத்தை நொடிகளில், தசம எண்ணாக வைத்திருந்தது. ஆகவே நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும்போது 0.0 உடன் ஒப்பிட்டது. சரியான வேலை. ரிப்கா நேரத்தை மில்லிநொடிகளில், முழு எண்ணாக வைத்திருந்தது. முழு எண்ணை 0 உடன் ஒப்பிட்டால் போதும். ஆனால் ரிப்கா 1.0 பீட்டாவின் இயங்குநிரலில், முழு எண்களே உலவும் இடத்தில், ஒரே ஓர் ஒப்பீட்டில் மட்டும் தசமப் பூஜ்ஜியம் கிடந்தது.

தேர்வு விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இது புரியும். இரண்டு பையன்கள் ஒரே சரியான விடையை எழுதினால் அதில் ஒன்றுமில்லை. ஒரே தப்பை ஒரே வரியில் எழுதினால்தான் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிடுவோம். அந்த 0.0 தப்புகூட இல்லை, ஆடும் தரத்தை எள்ளளவும் பாதிக்காத எச்சம். பாதிக்காததால்தான் அது அங்கேயே தங்கியது, அதனால்தான் சான்றாயிற்று.

மறுப்பு

ராய்லிச்சின் பதில் மிகச் சுருக்கம். ரிப்காவின் மூலநிரல் என்னுடையது, ஃப்ரூட்டிலிருந்து கருத்துகளை எடுத்தேன், அதை நானே பலமுறை சொல்லியிருக்கிறேன் என்று கடிதத்தில் சொன்னார். அத்தோடு சரி. குழுவின் முன்னால் வந்து வாதாடவில்லை. சான்றுகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதவில்லை. போட்டியில் ஆடிய பதிப்புகளின் மூலநிரலையும் வைக்கவில்லை.

அவருக்காகப் பேசியவர்கள் அவரைவிட அதிகம் பேசினார்கள். லண்டனில் கணினியியல் ஆசிரியரான சோரன் ரீஸ் 2012 ஜனவரியில் நீண்ட கட்டுரைத் தொடர் எழுதி, இது அநீதி என்று வாதிட்டார். 1992இல் மாட்ரிட்டில் உலகப் பட்டம் வென்ற நெதர்லாந்து நிரலாளர் எட் ஷ்ரோடரும் ராய்லிச் பக்கம் நின்றார். வாதங்களில் எனக்கு வலுவாகப் படுபவை மூன்று. பலகையைக் காட்டும் முறையே வேறாக இருக்கும்போது ஒரு வரியைக்கூட அப்படியே ஒட்ட முடியாது. எல்லாம் மறுபடி எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்து, இயங்குநிரலிலிருந்து ஊகித்து எழுதிய நிரலை ஃப்ரூட்டின் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது, ஊகிப்பவரின் கண்ணிலேயே ஃப்ரூட் இருந்தால் விடையும் ஃப்ரூட் மாதிரிதான் வரும். கடைசியாக, க்ராஃப்டி குறித்த சான்று 2004 காலப் பதிப்புகளைப் பற்றியது. ரிப்கா ஐசிஜிஏ போட்டிக்கு முதன்முதலில் வந்ததே 2006இல். பக்கத்து ஊரில் பழைய சைக்கிளில் விளக்கில்லாமல் போனதற்கு இந்த ஊரில் புது வண்டியைப் பறிமுதல் செய்வதா?

ரீஸின் கட்டுரை வெளிவந்தது செஸ்பேஸ் தளத்தில். ரிப்காவை விற்ற நிறுவனங்களில் செஸ்பேஸும் ஒன்று என்பதையும் வாசகர் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இந்த வழக்கில் முழுக்க வெளியாளாக நின்று பேசியவர் யாரும் கிடையாது.

வழி சொல்லல்

எழுதியதா, மறுபடி எழுதியதா, கருத்தா, நிரலா என்று இரண்டு தரப்பும் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டதைப் படிக்கும்போது நம் பழைய இலக்கணக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். நூல்களை அவர்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரித்தார்கள். வழிநூல் என்றால் கேவலம் என்று அர்த்தமில்லை. முன்னோன் சொன்னதை ஏற்று, தான் வேண்டிய வேறுபாடும் சொல்லி எழுதுவது மரியாதைக்குரிய வேலை. மொழிபெயர்ப்பும் வழிநூலின் ஒரு வகைதான். நிபந்தனை ஒன்று உண்டு. சிறப்புப் பாயிரத்தில் ஆக்கியோன் பெயருக்கு அடுத்தபடியாக வழி சொல்லப்பட வேண்டும். இந்த நூல் எதிலிருந்து வந்தது என்று.

ஐசிஜிஏவின் இரண்டாவது போட்டி விதியும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டது. நிரல் கலந்துகொள்பவரின் சொந்த ஆக்கமாக இருக்க வேண்டும். வேறொருவர் எழுதிய ஆட்ட நிரலைக் கொண்டதோ அதிலிருந்து பிறந்ததோ ஆனால் அவர்கள் பெயரையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். எடுக்கவே கூடாது என்று விதி சொல்லவில்லை. எழுதாமல் எடுக்காதே என்றது.

இதைச் செய்தவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். தாமஸ் காக்ஷ் ஃப்ரூட்டை எடுத்து டோகா என்ற எஞ்சினை உருவாக்கினார். ஃப்ரூட்டின் வழி என்று சொல்லி, மூலநிரலோடு வெளியிட்டார். யாரும் அவரைக் குளோன் என்று ஏசவில்லை. நார்வேயின் டோர்ட் ரோம்ஸ்டாட் தன் க்ளௌரங் எஞ்சினில் ஃப்ரூட்டுக்குப் பட்ட கடனை வெளிப்படையாகக் குறிப்பிட்டார். அந்த க்ளௌரங்கை எடுத்து இத்தாலியின் மார்கோ கோஸ்டால்பா 2008இல் ஸ்டாக்ஃபிஷ் என்று புதுப் பெயரில் வெளியிட்டார். காயவைத்த கருவாட்டின் பெயர் அது. நார்வேயில் பிடித்து இத்தாலியில் சமைத்தது என்ற கேலியோடு. இன்று உலகத்தில் எந்தக் கைபேசியில் செஸ் அலசினாலும் பெரும்பாலும் பின்னால் இருப்பது அந்தக் கருவாடுதான்.

ஆகவே என் கணக்கில், ரிப்கா 1.0 ஒரு வழிநூல். ஆசிரியர் திறமையானவர், விகற்பம் நிறைய, ஆனால் வழிநூல். பாயிரத்தில் லெதுஸே என்ற பெயர் இருந்திருக்க வேண்டும். இல்லாதது விதிமீறல். பெயரை எழுதியிருந்தால் மட்டும் எல்லாம் சுமுகமாகியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலைத் திற என்று கேள்வி வந்திருக்கும், விற்பனை அடிபட்டிருக்கும். அந்த விண்ணப்பத்தின் ஒரு வரிக்குப் பின்னால் ஒரு வியாபாரம் முழுவதும் நின்றது.

தீர்ப்பும் அதன் கனமும்

2011 ஜூன் 28 அன்று ஐசிஜிஏ முடிவை அறிவித்தது. ராய்லிச் ஃப்ரூட், க்ராஃப்டி இரண்டிலிருந்தும் எடுத்து மூல ஆசிரியர்களைக் குறிப்பிடாமல் விட்டார். 2006 முதல் 2010 வரையிலான போட்டி முடிவுகளிலிருந்து ரிப்கா நீக்கம். ஐசிஜிஏ போட்டிகளில் அவருக்கு ஆயுள் தடை. கோப்பைகளையும் பரிசுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். பட்டங்கள் மறுபடி பங்கிடப்பட்டன. 2007 ஸாப்பாவுக்கு. 2008 ஹியார்க்ஸுக்கு. 2009 ஜூனியர், ஷ்ரெடர், டீப் ஷெங் மூவருக்கும். 2010 ரோண்டோவுக்கும் திங்கருக்கும்.

பெயர் எழுதாததற்குப் பட்டம் போவது சரி. ஓட்டப்பந்தயத்தில் கோட்டை மிதித்தவன் வேகமாக ஓடினான் என்பதற்காக மெடல் கொடுக்க முடியாது. ஆயுள் தடையைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அப்படி ஒரு தண்டனை அந்த அமைப்பின் விதிப்புத்தகத்திலேயே இல்லை. இன்னொன்று: பெய்ஜிங்கில் ரிப்கா 40 கோர் கிளஸ்டரில் ஓடியபோது, அடுத்த ஆண்டே பாம்ப்லோனாவில் எட்டு கோருக்கு மேல் கூடாது என்று விதி போடத் தெரிந்தது ஐசிஜிஏவுக்கு. வன்பொருளை எண்ண அவ்வளவு அக்கறை. உள்ளே ஓடும் நிரல் யாருடையது என்று பார்க்க நான்கு ஆண்டு யாருக்கும் தோன்றவில்லை. ராய்லிச் தன் வாயாலேயே ஃப்ரூட்டிலிருந்து நிறைய எடுத்தேன் என்று சொன்ன பேட்டி 2005இலிருந்து எல்லோர் கண்முன்னும் கிடந்தது. முதல் விண்ணப்பம் வந்த அன்றைக்கே, எடுத்தது என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் 34 பேர் குழுவுக்கு வேலையே இருந்திருக்காது.

செஸ்பேஸும் ராய்லிச்சும் சேர்ந்து 2012இல் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் நெறிமுறை ஆணையத்திடம் போனார்கள். முடிவு 2015இல் வந்தது. விதியில் இடமில்லாத ஆயுள் தடையைப் போட்டது தவறு என்று சொல்லி ஆணையம் ஐசிஜிஏவுக்கு எச்சரிக்கை கொடுத்தது. பறித்த பட்டங்கள் திரும்பவில்லை. ஜிபிஎல் மீறலா இல்லையா என்ற கேள்வி இந்தப் படிகளில் எதிலும் தீர்க்கப்படவில்லை. அது பதிப்புரிமைச் சட்டத்தின் கேள்வி, போட்டி அமைப்பின் கேள்வி அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசியதால்தான் பாதிச் சண்டை முடியாமலே நீண்டது என்று நினைக்கிறேன். எழுத்துக்கு எழுத்து நகல் இல்லை என்பது பதிப்புரிமை வழக்கில் நல்ல பதிலாக இருக்கலாம். நிரல் எதிலிருந்து பிறந்தது என்று கேட்கும் போட்டி விதிக்கு அது பதிலே இல்லை.

இடையில் ஒரு கூத்து. 2012 ஏப்ரல் தொடக்கத்தில் செஸ்பேஸ் தளத்தில் ராய்லிச் பேட்டி ஒன்று வந்தது: பெரிய கிளஸ்டரில் ஓட்டி, கிங்ஸ் கேம்பிட் என்ற ஆட்டத் தொடக்க முறையை முழுக்கத் தீர்த்துவிட்டேன் என்று. உலகம் முழுக்கப் பலர் நம்பிப் பகிர்ந்தார்கள். பிறகுதான் ஏப்ரல் முட்டாள் குறும்பு என்று தெரிந்தது. மோசடி செய்தவர் என்று ஒன்பது மாதத்துக்கு முன் தீர்ப்பு வாங்கிய மனிதர், தன் பெயரை வைத்தே ஒரு பொய் சொல்லி விளையாடினார். அந்தத் துணிச்சலை ரசிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பின்னால் வந்தவை

ரிப்காவின் ஆட்சி வழக்கால் முடியவில்லை. தீர்ப்புக்கு முந்தைய ஆண்டே, 2010இல், பெல்ஜியத்தின் ராபர்ட் ஹௌடார்ட் எழுதிய ஹூடினி பட்டியல்களில் மேலே ஏறிவிட்டது. அதன் பிறப்பு குறித்தும் முணுமுணுப்பு இருந்தது. பிறகு ஸ்டாக்ஃபிஷ் வந்தது. 2013இல் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாட்டில், உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் தங்கள் கணினியைக் கொடுத்து ஒவ்வொரு மாற்றத்தையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் சோதித்தார்கள். ராய்லிச் தனியாளாகச் செய்ததை ஊரே கூடிச் செய்தது. மூடிய எஞ்சின்களால் அதோடு ஈடுகொடுக்க முடியவில்லை.

வழி சொல்லும் பிரச்சினையும் ஒழியவில்லை, இடம் மாறியது. 2021இல் செஸ்பேஸ் வெளியிட்ட ஃபேட் ஃபிரிட்ஸ் 2, ஸ்டாக்ஃபிஷ்ஷை அடிப்படையாகக் கொண்டது. அதைத் தெளிவாகச் சொல்லவில்லை, உரிமக் கடமைகளை மீறினார்கள் என்று ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் ஜெர்மனியில் வழக்குப் போட்டார்கள். இந்த முறை குழு அமைத்து அசெம்பிளி வரிகளைப் படிக்கும் வேலை இல்லை. ஜிபிஎல் உரிமத்தையே கையில் எடுத்துக்கொண்டு நேராக நீதிமன்றம். 2022 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது.

ஆர்வலர்கள் நடத்தும் தரப்பட்டியல்களில் ஐசிஜிஏ தீர்ப்புக்குப் பிறகும் ரிப்கா நீக்கப்படாமல் நின்றது. ரிப்கா 4, ரிப்கா 3, ஸ்ட்ரெல்கா, டோகா, ஃப்ரூட் 2.1, க்ராஃப்டி எல்லாம் ஒரே பட்டியலில். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு ரேட்டிங் எண், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை, வென்ற விழுக்காடு.